வைரஸ் நோயை உறுதிசெய்யும் எதிர்ப்பொருட் சோதனைகள்

தங்கவயலுக்குச் செல்லும் கிளை இருப்புப் பாதை பங்காருப்பேட்டையில் தொடங்கி, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளின் ஊடே சென்று, மாரிகுப்பம் நிலையத்தில் முடிவடைகிறது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், இப்பகுதி மக்களிற் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று வேலை செய்து திரும்புகின்றனர். ஏரிகளும் ஏரிப் பாசன வயல்களும் நிறைந்த கோலார் மாவட்டம் தங்கத்தால் மட்டுமன்றி வேறொரு காரணத்தாலும் ஆராய்ச்சியாளர்க்கு நன்கு அறிமுகமானது. கொசுக்களாற் பரவும் ஜப்பானிய மூளை அழற்சி என்னும் வைரஸ் நோய் 1977-78-ஆம் ஆண்டுகளில் இம்மாவட்டத்தில் கொள்ளை நோயாகத் தோன்றியது.

இத்தகைய பகுதியில் பணிபுரியும் சுகாதார ஊழியரின் கைக்கு இரு சோதனைச் சீட்டுகள் வருவதாகக் கொள்க. முதற் சீட்டு மாரிகுப்பத்தைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுவனுடையது. கடுங்காய்ச்சலும் வலிப்பும் கண்டு நினைவு தடுமாறிய நிலையில் அவன் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டான், நோய் தோன்றிய மூன்றாம் நாள் எடுத்த இரத்தத்தில் “ஜப்பானிய மூளை அழற்சி ஐ.ஜி.எம். இல்லை” எனச் சீட்டு கூறுகிறது. இரண்டாம் சீட்டு ஒரு பள்ளிச் சிறுமியினுடையது. இரண்டு நாட் காய்ச்சலோடு வந்த அவளுக்கு அட்டைச் சோதனையில் “டெங்கு ஐ.ஜி.எம். உண்டு” எனக் காணப்பட்டது. சிறுவனுக்கு மூளை அழற்சி இல்லை என்றும், சிறுமிக்கு டெங்கு உறுதி என்றும் பெற்றோர் முடிவு செய்கின்றனர். இவ்விரு முடிவுகளும் தவறாக இருக்கக் கூடும். அவை ஏன் தவறாகலாம் என்பதையும், சரியான முடிவுக்கு வரும் வழியையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எதிர்ப்பொருள் என்பது யாது?

வைரஸ் உடலினுட் புகுந்தவுடன் அதன் மேற்புறத்திலுள்ள புரதங்களை உடல் அயற்பொருளாக இனங்காண்கிறது. எதிர்ப்பைத் தூண்டும் இப்பொருளுக்கு எதிரியாக்கி என்று பெயர். அதற்கு விடையாக, இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையினின்று தோன்றும் அணுக்கள், அவ்வெதிரியாக்கியோடு பொருந்திப் பிணையத்தக்க புரதங்களை உண்டாக்குகின்றன. இவையே எதிர்ப்பொருள்களாகும். பூட்டிற்கேற்ற சாவி போன்று ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய எதிரியாக்கியோடு பொருந்துகிறது. ஆயினும் ஒரே ஆசாரி செய்த பூட்டுகளுள் ஒன்றன் சாவி மற்றொன்றையும் சிறிதளவு திருப்புவதுண்டு. உறவுடைய வைரஸ்களிடையே நிகழும் இத்தகைய குழப்பம் பின்னர் விளக்கப்பெறும்.

எதிர்ப்பொருள்களுள் நோயறிதலுக்கு முக்கியமானவை இரண்டு. ஐந்து அலகுகள் கூடிய பெரிய மூலக்கூறாகிய ஐ.ஜி.எம். முதலில் தோன்றிச் சில வாரங்கள் அல்லது சில மாதங்களிற் குறைந்து மறைகிறது. அளவிற் சிறியதாகிய ஐ.ஜி.ஜி. சற்றுப் பின்னர்த் தோன்றிப் பல ஆண்டுகள், சில நோய்களில் வாழ்நாள் முழுவதும், நிலைத்திருக்கிறது. ஆகவே ஐ.ஜி.ஜி. ஒருவர் எப்போதோ அந்நோய்க்கு ஆளானதையோ தடுப்பூசி பெற்றதையோ காட்டும், ஐ.ஜி.எம். அண்மையில் ஆளானதைக் காட்டும். தாயின் ஐ.ஜி.ஜி. கருவிலுள்ள குழந்தைக்குச் செல்லும், ஐ.ஜி.எம். செல்லாது. எனவே சில மாதக் குழந்தையின் இரத்தத்திற் காணும் ஐ.ஜி.ஜி. தாயினுடையதாக இருக்கலாம்.

“அண்மையில்” என்னும் சொல்லை இங்கு ஊன்றி நோக்குதல் வேண்டும். அது நேற்றையும் குறிக்கலாம். இரு மாதங்களுக்கு முந்திய நாளையும் குறிக்கலாம்.

வேலூர் முதல் கோலார் வரை

இந்தியாவில் இவ்வாராய்ச்சி எதிர்ப்பொருட் சோதனைகளிலிருந்தே தொடங்கிற்று எனலாம். 1952-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்பெல்லர் அறநிலையமும் இணைந்து பூனாவில் வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. நாட்டின் பல பகுதி மக்களிடமிருந்து திரட்டிய இரத்தத்தை ஆராய்ந்தபோது, அதுகாறும் இந்நாட்டில் இனங்காணப்படாத பல வைரஸ்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் அதிற் காணப்பட்டன. நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே அதன் சுவடு இரத்தத்தில் தென்பட்டது. 1955-ஆம் ஆண்டில் வட ஆர்க்காட்டு மாவட்டத்து வேலூரில் ஜப்பானிய மூளை அழற்சி நோயாளிகள் முதன்முதலாக இனங்காணப்பட்டனர். 1973-ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்துப் பாங்குரா, பர்த்துவான் மாவட்டங்களில் அது பெரிய கொள்ளை நோயாகத் தோன்றியது. அதன் பின்னர்க் கோலார் மாவட்டத்தின் முறை வந்தது. பூனா நிலையம் 1978-ஆம் ஆண்டில் தேசிய வைராலஜி நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

நெல் வயல்களிலும் தேங்கு நீரிலும் பெருகும் கியூலெக்ஸ் இனக் கொசுக்கள் இந்நோயைப் பரப்புகின்றன. கொக்கு, நாரை முதலிய நீர்ப் பறவைகளிலும் பன்றிகளிலும் வைரஸ் பெருகுகிறது. மனிதனின் இரத்தத்தில் அது சிறிது காலமே, குறைந்த அளவில், தங்குகிறது. ஆகவே நோயாளியைக் கடித்த கொசு பிறருக்கு நோயைக் கொண்டு செல்வதில்லை.

சோதனைகளைப் பொறுத்தவரை இதனால் இரு விளைவுகள் ஏற்படுகின்றன. முதலாவது, மூளை பாதிக்கப்பட்டு நோயாளி மருத்துவமனைக்கு வரும் வேளையில் இரத்தத்திலிருந்து வைரஸ் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. ஆதலின் வைரஸையோ அதன் மரபுப் பொருளையோ தேடும் சோதனைகள் பல சமயம் வெறுமையாக முடிகின்றன. எதிர்ப்பொருளைத் தேடுவதே தக்க வழியாகிறது. இரண்டாவது, இவ்வைரஸ் தொற்றிய ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே கடும் நோய் உண்டாகிறது. ஏனையோர் நோயறியாமலே எதிர்ப்பொருளைப் பெறுகின்றனர். எனவே ஓர் ஊரில் பலருடைய இரத்தத்தில் இவ்வெதிர்ப்பொருள் இருக்கும். வேறு காரணத்தால் காய்ச்சல் கண்டவரிடமும் அது காணப்படலாம்.

இரட்டை மாதிரிச் சோதனை

முந்தைய தலைமுறையினர் இவ்விடர்ப்பாட்டை நீக்க ஓர் எளிய வழியைக் கையாண்டனர். நோயின் தொடக்கத்தில் ஒரு முறையும், இரண்டு அல்லது மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் ஒரு முறையும் இரத்தம் எடுத்து, இரண்டிலும் எதிர்ப்பொருளின் அளவை ஒப்பிட்டனர். பழைய எதிர்ப்பொருளாயின் அளவு ஏறக்குறைய மாறாதிருக்கும். புதிய நோயாயின் ஏறும்.

அளவை அறியும் முறை பின்வருமாறு: இரத்தத்தை உறையவிட்டுப் பிரித்தெடுத்த தெளிநீராகிய சீரத்தின் ஒரு பங்கோடு ஒன்பது பங்கு உப்பு நீர் சேர்த்தால் பத்தில் ஒன்றாக நீர்த்த கரைசல் கிடைக்கும். அதனை மேன்மேலும் பாதி பாதியாக நீர்த்தால் இருபதில் ஒன்று, நாற்பதில் ஒன்று, எண்பதில் ஒன்று என வரிசை அமையும். எவ்வளவு நீர்த்த பின்னும் எதிர்ப்பொருளின் செயல் தென்படுகிறதோ அவ்விறுதி எண் டைட்டர் எனப்படும். கிளார்க், காசல்ஸ் என்னும் அறிஞர்கள் 1958-ஆம் ஆண்டில் செம்மைப்படுத்திய குருதியணுத் திரளல் தடுப்புச் சோதனை நெடுங்காலம் இதற்குப் பயன்பட்டது. இவ்வைரஸ்கள் வாத்தின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்யும். சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது வைரஸைப் பிணித்து அத்திரளலைத் தடுக்கும். அணுக்கள் குழியின் அடியிற் சிறு பொத்தான் போற் படியும்.

இரண்டாம் மாதிரியின் டைட்டர் முதலாவதைப் போல் நான்கு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் மட்டுமே நோய் உறுதியானதாகக் கொள்ளப்படும். இரு மடங்கு ஏன் போதாது என்னும் வினா எழலாம். ஒரே சீரத்தை ஒரே நாளில் இரு முறை சோதித்தாலும் விடை ஒரு குழி முன்பின்னாக அமைவதுண்டு. ஒரு குழி வேறுபாடு என்பதே இரு மடங்காகும். ஆகவே 20-லிருந்து 40-க்கு ஏறியது சோதனையின் இயல்பான பிழையாக இருக்கலாம். 20-லிருந்து 160-க்கு ஏறியது அவ்வாறாக இருத்தல் அரிது. இதே காரணத்தால் இரு மாதிரிகளையும் ஒரே நாளில், ஒரே தட்டில், ஒருவரே சோதித்தல் வேண்டும். முதல் மாதிரியை ஓர் ஆய்வுக்கூடத்திலும் இரண்டாவதை வேறோர் ஆய்வுக்கூடத்திலும் சோதித்து எண்களை ஒப்பிடுதல் பயனற்றது.

ஒரே மாதிரியில் 640 என்ற உயர்ந்த எண் காணப்படினும் அது தனித்து நின்று நோயை உறுதிசெய்யாது. ஐயத்தை வலுப்படுத்தும் அளவிலேயே அது நிற்கும். இரண்டாம் மாதிரியிலும் அதே 640 காணப்பட்டால், முதல் மாதிரி ஏற்றம் முடிந்த பின்னர்த் தாமதமாக எடுக்கப்பட்டிருக்கலாம். அல்லது எதிர்ப்பொருள் பழையதாக இருக்கலாம்.

ஐ.ஜி.எம். பிடிப்புச் சோதனை

இரட்டை மாதிரி முறை நம்பத்தக்கதாயினும், விடை வருவதற்குள் நோயாளி குணமடைந்திருப்பார் அல்லது இறந்திருப்பார். இரண்டாம் மாதிரிக்காக மீண்டும் வருவோரும் சிலரே. 1971-ஆம் ஆண்டில் சுவீடனில் எலைசா முறை கண்டறியப்பட்ட பின்னர் இந்நிலை மாறிற்று. இப்போது நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில் பயன்படும் ஐ.ஜி.எம். பிடிப்பு எலைசாவில், குழியின் அடியில் மனித ஐ.ஜி.எம்.மைப் பற்றிக்கொள்ளும் பொருள் பூசப்பட்டிருக்கும். சீரத்தை இட்டவுடன் அதிலுள்ள ஐ.ஜி.எம். யாவும் பிடிபடும். பின்னர் அறிந்த வைரஸின் எதிரியாக்கி சேர்க்கப்படும். பிடிபட்ட ஐ.ஜி.எம்.மில் அவ்வைரஸுக்குரியது இருந்தால் எதிரியாக்கி தங்கும். இல்லையேல் கழுவும்போது நீங்கும். தங்கியதை ஒரு நொதி நிறமாக்கிக் காட்டும். நிறத்தின் செறிவைக் கருவி அளந்து, உடன் வைத்த ஒப்புக் குழிகளோடு ஒப்பிட்டு, உண்டு, இல்லை, ஐயத்திற்குரியது என்னும் மூன்றில் ஒன்றாக விடை தரப்படும். ஐயத்திற்குரியது என்ற விடையைப் பாதி உண்டு எனக் கொள்ளலாகாது. மறு மாதிரி தேவை என்பதே அதன் பொருள்.

இதன் முடிவு காலத்தைப் பொறுத்தது. ஜப்பானிய மூளை அழற்சியில் நோய் தோன்றிய முதற் சில நாட்களில் எடுத்த சீரத்தில் ஐ.ஜி.எம். காணப்படாமற் போகலாம், ஏழு முதல் பத்து நாட்களுக்குள் ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் அது காணப்படும். டெங்குவிலும் பொதுவாக ஐந்தாம் நாளுக்குப் பின்னரே ஐ.ஜி.எம். வெளிப்படுகிறது. அதற்கு முற்பட்ட நாட்களில் வைரஸின் புரதமாகிய என்.எஸ்.1 தேடப்படுகிறது. டெங்கு ஐ.ஜி.எம். இரண்டு மூன்று மாதங்கள் வரை நீடிக்கக் கூடும். டெங்கு இரண்டாம் முறை தாக்கும்போது ஐ.ஜி.ஜி. விரைந்து மிக உயரும், ஐ.ஜி.எம். குறைவாகவே எழும், சில வேளை காணப்படாமலும் போகும்.

இரத்தமா, தண்டுவட நீரா?

மூளை அழற்சி நோயில் இரத்தத்தினும் மூளைத் தண்டுவட நீரே சிறந்த மாதிரியாகும். இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு அமைந்துள்ளது. ஐ.ஜி.எம். பெரிய மூலக்கூறாதலின் அத்தடுப்பை எளிதில் கடவாது. ஆகவே தண்டுவட நீரில் ஜப்பானிய மூளை அழற்சிக்குரிய ஐ.ஜி.எம். காணப்பட்டால், அது பெரும்பாலும் மூளைப் பகுதியிலேயே உண்டாயிற்று என்றும், அங்கு வைரஸ் புகுந்துள்ளது என்றும் பொருள்படும். இரத்தத்தில் மட்டும் காணப்படின், அது நோயற்ற தொற்றினாலோ அண்மையிற் பெற்ற தடுப்பூசியாலோ தோன்றியிருக்கலாம். மூளை நோய்க்குக் காரணம் வேறொன்றாக இருக்கலாம்.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு. முதுகில் ஊசியிட்டு நீர் எடுக்கும்போது சிறு இரத்தக் குழாய் கிழிந்து இரத்தம் கலந்தால், இரத்தத்து எதிர்ப்பொருள் தண்டுவட நீரிலும் தோன்றும். ஆதலின் நீர் தெளிவாக இருந்ததா, செந்நிறமாக இருந்ததா என்பதைச் சீட்டிற் குறித்தல் வேண்டும்.

உறவுடைய வைரஸ்கள்

ஜப்பானிய மூளை அழற்சி, வெஸ்ட் நைல், டெங்கு, கியாசனூர் காட்டு நோய் ஆகியவற்றை உண்டாக்கும் வைரஸ்கள் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. ஒன்றிற்கு எதிராகத் தோன்றிய எதிர்ப்பொருள் மற்றொன்றோடும் ஓரளவு பிணையும். ஒருவர் முன்பு டெங்குவால் தாக்கப்பட்டுப் பின்னர் ஜப்பானிய மூளை அழற்சிக்கு ஆளானால், உடல் பழைய நினைவின்படி இரண்டிற்கும் பொதுவான எதிர்ப்பொருள்களையே விரைந்து உண்டாக்கும். எல்லாச் சோதனைகளிலும் “உண்டு” என்ற விடை கிடைக்கும்.

இக்குழப்பம் சில வேளை பயனும் தந்துள்ளது. 1957-ஆம் ஆண்டில் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகளும் மனிதரும் இறந்தபோது மஞ்சட் காய்ச்சலோ என்ற அச்சம் எழுந்தது. பூனா நிலையத்தார் வைரஸைப் பிரித்தெடுத்து எதிர்ப்பொருட் சோதனைகளால் ஒப்பிட்டு, அது உண்ணிகளாற் பரவும் உருசிய மூளை அழற்சி வைரஸ்களுக்கு உறவுடைய புதிய வைரஸ் என நிறுவினர். உறவைக் காட்டும் அதே இயல்பு, தனியொரு நோயாளியிடம் இன்ன வைரஸ் எனத் துணிவதற்கு இடையூறாகிறது.

கோலார் மாவட்டமே இதற்குத் தக்க சான்றாகும். 1977 முதல் 1979 வரை இம்மாவட்டத்திற் பிடிக்கப்பட்ட கொசுக்களிலிருந்து ஜப்பானிய மூளை அழற்சி வைரஸ், வெஸ்ட் நைல் வைரஸ் ஆகிய இரண்டும் பிரித்தெடுக்கப்பட்டன. மேலும், மைசூர், கோலார் மாவட்டங்களில் மூளை அழற்சியால் இறந்த குழந்தைகளின் மூளையிலிருந்து வெஸ்ட் நைல் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்ட செய்தி 1984-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் தொகுப்பில் வெளியாயிற்று. ஜப்பானிய மூளை அழற்சி பரவும் மாவட்டம் என்ற காரணத்தால் அங்கு தோன்றும் மூளை அழற்சி யாவும் அதுவே எனக் கருதலாகாது என்பதை அது உணர்த்திற்று.

ஆய்வுக்கூடத்தில் இக்குழப்பத்தைத் தீர்க்க இரு வழிகள் உள்ளன. ஒரே மாதிரியை ஜப்பானிய மூளை அழற்சிக்கும் டெங்குவுக்கும் ஒருங்கே சோதித்து, எதன் விடை தெளிவாக மிகுந்துள்ளதோ அதனைக் காரணமாகக் கொள்ளுதல் ஒன்று. செயலொடுக்கச் சோதனை மற்றொன்று. இதில் சீரத்தோடு உயிருள்ள வைரஸைக் கலந்து, வளர்ப்பணுக்களில் அது உண்டாக்கும் அழிவுத் தடங்கள் எவ்வளவு குறைகின்றன என எண்ணப்படும். ஒரு வைரஸுக்கான டைட்டர் ஏனையவற்றிற்கானதைவிட நான்கு மடங்கு மிகுந்திருந்தால் அவ்வைரஸே காரணம் எனத் துணியப்படும். இச்சோதனைக்குப் பல நாட்களும் தனிப் பாதுகாப்புடைய கூடமும் வேண்டுமாதலின், அது சில உயர்நிலை ஆய்வுக்கூடங்களிலேயே செய்யப்படுகிறது. சிக்குன்குன்யா வைரஸ் வேறு குடும்பத்தைச் சார்ந்தது. டெங்கு எதிர்ப்பொருளோடு அதற்கு இத்தகைய குழப்பம் நேர்வதில்லை.

யாரைச் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம்

சோதனை ஒன்றாக இருப்பினும், சோதிக்கப்படுவோரைப் பொறுத்து “உண்டு” என்ற சொல்லின் மதிப்பு மாறுகிறது. எண்களால் இதனை விளக்கலாம். நோயுள்ள 100 பேரில் 90 பேரை உண்டு எனவும், நோயில்லாத 100 பேரில் 95 பேரை இல்லை எனவும் சரியாகக் காட்டும் ஒரு சோதனை இருப்பதாகக் கொள்க.

முதலில், சாதாரணக் காய்ச்சல் கண்ட 1,000 பேரை அச்சோதனைக்கு உட்படுத்துவோம். அவர்களுள் 20 பேருக்கே அந்நோய் உள்ளது. அந்த 20 பேரில் 18 பேருக்கு உண்டு என விடை வரும். நோயில்லாத 980 பேரில் நூற்றுக்கு ஐவர் வீதம் 49 பேருக்கும் அவ்வாறே வரும். ஆக 67 சீட்டுகளில் 18 மட்டுமே மெய். நூற்றுக்கு ஏறத்தாழ 27.

அடுத்து, நோய்ப் பருவத்தில் காய்ச்சலோடு நினைவுத் தடுமாற்றமும் வலிப்பும் கண்ட 100 பேரை எடுத்துக்கொள்க. அவர்களுள் 40 பேருக்கு அந்நோய் உள்ளது. 36 பேருக்கு மெய்யாகவும், எஞ்சிய 60 பேரில் மூவருக்குப் பொய்யாகவும் உண்டு என வரும். 39 சீட்டுகளில் 36 மெய். நூற்றுக்கு ஏறத்தாழ 92.

சோதனையின் தரம் இரு முறையும் ஒன்றே. நோயாளிகளைத் தெரிந்தெடுத்த முறையே வேறு. ஆகவேதான், காய்ச்சல் கண்ட அனைவரையும் சோதிக்காமல், நோய் விளக்கத்திற்குப் பொருந்துவோரைத் தேர்ந்து சோதிக்குமாறு விதிகள் கூறுகின்றன. கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மேல் வகுப்புகளில் இக்கணக்கைப் பயிற்சியாகக் கொடுக்கலாம்.

மக்கட்டொகையில் எவ்வளவு பேர் தொற்றுக்கு ஆளாயினர் என அறிவதற்குச் செய்யும் எதிர்ப்பொருட் கணிப்பு வேறு நோக்கமுடையது. 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிய காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடெங்கும் அத்தகைய கணிப்புகளை நடத்தியது. ஆயின் அந்நோயை ஒருவரிடம் தொடக்கத்தில் கண்டறிவதற்கு மூக்கு, தொண்டைப் பகுதியிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸையே தேட வேண்டியிருந்தது. எதிர்ப்பொருள் தோன்றச் சில நாட்கள் ஆகும் என்பதே காரணம்.

மாதிரி எடுத்து அனுப்புதல்

ஆய்வுக்கூடத்தின் விடை களப்பணியாளரின் கவனத்தைச் சார்ந்தது. பின்வருவன கவனிக்கத்தக்கவை:

1. நோய் தோன்றிய நாளும் மாதிரி எடுத்த நாளும் சீட்டில் தவறாது குறிக்கப்படுதல் வேண்டும். மருத்துவமனையிற் சேர்ந்த நாளை நோய் தோன்றிய நாளாக எழுதுவது பெரும் பிழை.

2. தடுப்பூசி பெற்ற விவரமும் நாளும் குறிக்கப்படுதல் வேண்டும். ஜப்பானிய மூளை அழற்சித் தடுப்பூசி 2006-ஆம் ஆண்டு முதல் நோய் மிகுந்த மாவட்டங்களிற் குழந்தைகளுக்கு இடப்பட்டு வருகிறது. தாயின் வாய்மொழியோடு தடுப்பூசி அட்டையையும் பார்த்தல் நலம்.

3. நோய்க்கு முந்திய இரு வாரங்களில் நோயாளி தங்கிய இடங்களைக் கேட்டெழுதுதல் வேண்டும். கொசு கடித்த நான்கு முதல் பதினான்கு நாட்களில் ஜப்பானிய மூளை அழற்சி வெளிப்படுகிறது. தங்கவயலில் வாழ்பவர் பெங்களூரிலோ உறவினரின் சிற்றூரிலோ நோயைப் பெற்றிருக்கலாம்.

4. இரத்தத்தை உறையவிட்டுச் சீரத்தைப் பிரித்த பின்னரே குளிர்பெட்டியில் இரண்டு முதல் எட்டுப் பாகை வெப்ப நிலையில் அனுப்புதல் வேண்டும். பிரிக்காத இரத்தத்தை உறைநிலைக்குக் குளிர்வித்தால் சிவப்பணுக்கள் சிதைந்து மாதிரி கெடும்.

5. முதல் மாதிரி ஆரம்ப நாட்களில் எடுக்கப்பட்டு இல்லை என வந்தால், பத்தாம் நாளிலோ நோயாளி வீடு திரும்பும் நாளிலோ இரண்டாம் மாதிரி எடுத்தல் வேண்டும்.

6. ஐயத்திற்குரிய மாதிரிகள் மேல்நிலை ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பப்படுதல் வேண்டும். தென்னகத்தில் பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் இப்பணியைச் செய்து வருகிறது.

சிகிச்சை சீட்டுக்காகக் காத்திருத்தல் கூடாது. ஜப்பானிய மூளை அழற்சியை அழிக்கும் தனி மருந்து இல்லை. வலிப்பை அடக்குதலும், மூச்சையும் உடல் நீரையும் காத்தலுமே சிகிச்சை. கடும் நோய் கண்டோரில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கின்றனர். பிழைத்தவர்களிற் பலர் நிலையான குறைபாடுகளோடு வாழ்கின்றனர். ஆனால் இதே தோற்றமுடைய பாக்டீரிய மூளையுறை அழற்சி, மூளை மலேரியா, காசநோய் மூளையுறை அழற்சி, உண்ணிக் காய்ச்சல் ஆகியவற்றிற்கு மருந்துகள் உள்ளன. “ஜப்பானியக் காய்ச்சல் உறுதி” என்று ஒரு தவறான சீட்டு கூறினால் அம்மருந்துகள் நிறுத்தப்பட்டு, பிழைக்கக்கூடிய குழந்தை இறக்க நேரிடும். சோதனையைச் சரியாகப் பொருள் கொள்வதன் பயன் இங்குதான் முழுமையாக வெளிப்படுகிறது.

ஆசிரியரின் பங்கு

சோதனைச் சீட்டைப் பற்றிய செய்தி ஊரிற் பரவும்போது அச்சமும் பழியும் உடன் பரவுகின்றன. நோயுற்ற சிறுவனோடு பிற பிள்ளைகள் அமரக் கூடாது எனப் பெற்றோர் வற்புறுத்துவதுண்டு. ஜப்பானிய மூளை அழற்சி ஒருவரிடமிருந்து மற்றவர்க்கு நேராகத் தொற்றுவதில்லை என்பதை ஆசிரியர் எடுத்துரைத்தல் வேண்டும். நோயிலிருந்து மீண்ட பிள்ளைக்கு நினைவாற்றலும் கைகால்களின் இயக்கமும் குறைந்திருந்தால் பொறுமையோடு பயிற்றுதல் வேண்டும். எதிர்ப்பொருள் உண்டு என்னும் விடையே நோயன்று என்பதையும், தடுப்பூசியின் நோக்கமே எதிர்ப்பொருளை உண்டாக்குதல் என்பதையும் வகுப்பில் விளக்கலாம். கோலார் மாவட்டத்தில் பிரித்தெடுக்கப்பட்ட வைரஸிலிருந்தே இந்நாட்டில் ஒரு ஜப்பானிய மூளை அழற்சித் தடுப்பூசி உருவாக்கப்பட்டு 2013-ஆம் ஆண்டில் பயனுக்கு வந்தது என்னும் செய்தி அம்மாவட்டத்து மாணவர்களுக்கு ஊக்கமளிக்கும்.

இரு சீட்டுகளின் பொருள்

தொடக்கத்தில் குறித்த இரு சீட்டுகளையும் இப்போது மீண்டும் நோக்கலாம். சிறுவனின் இரத்தம் மூன்றாம் நாளில் எடுக்கப்பட்டது, அந்நாளில் ஐ.ஜி.எம். தோன்றாதிருத்தல் இயல்பே. தண்டுவட நீரையும், பத்தாம் நாள் இரத்தத்தையும் சோதிக்காமல் நோய் இல்லை எனக் கூறலாகாது. பிற காரணங்களுக்குரிய சிகிச்சையும் தொடர்தல் வேண்டும்.

சிறுமியின் காய்ச்சல் இரண்டு நாளையது, இந்நோயின் ஐ.ஜி.எம். அதற்குள் தோன்றுதல் அரிது. சில வாரங்களுக்கு முன் அவளுக்குக் காய்ச்சல் வந்து தணிந்ததா எனக் கேட்டல் வேண்டும். வந்திருந்தால் அட்டை காட்டியது அப்பழைய டெங்குவின் சுவடாக இருக்கலாம். அட்டைச் சோதனையின் முடிவை உறுதியாகக் கொள்ளாது, என்.எஸ்.1 எலைசாவும் ஐந்தாம் நாளுக்குப் பின் ஐ.ஜி.எம். எலைசாவும் செய்தல் முறை. இப்போதைய காய்ச்சலுக்கு வேறு காரணம் உண்டா என மருத்துவர் ஆராய்தலும் வேண்டும்.

சோதனைச் சீட்டு ஒரு சாட்சியின் வாக்குமூலத்தைப் போன்றது. சாட்சி எந்த நாளில், எந்த இடத்தில் நின்று, எதைக் கண்டான் என வினவிய பின்னரே நீதிபதி அதனை ஏற்கிறார். அவ்வாறே மாதிரி எந்நாளில் எடுக்கப்பட்டது, எவ்விடத்திலிருந்து எடுக்கப்பட்டது, நோயாளி முன்பு எவற்றிற்கு ஆளானார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்த பின்னரே சீட்டிலுள்ள சொல்லுக்கு மதிப்பு உண்டாகிறது. அவ்விடைகளைத் திரட்டித் தருபவர் களப்பணியாளரே ஆவார்.